பெருக்கமரமும் இப்னு பதூதாவும்

பூமரம் என்றதும் பலருக்குச் செண்பகம் நினைவுக்கு வரும். நல்ல மழையும் ஈர மண்ணும் உள்ள ஊர்களில் அது செழித்து நின்று தெரு முழுவதும் மணக்கும். எங்கள் மன்னாரில் அந்தக் கொடுப்பினை இல்லை. உப்புக் காற்றும் மணலும் வெயிலும் உள்ள இந்தத் தீவில் பனையும் வேம்பும் உடைமரமும்தான் அதிகம். ஆனாலும் எங்களுக்கென்று ஒரு பூமரம் உண்டு. அதை யாரும் பூமரம் என்று சொல்வதில்லை. அதுதான் பெருக்கமரம்.

வெளியூரில் இருந்து வருகிறவர்கள் பள்ளிமுனையில் நிற்கும் பெரிய பெருக்கமரத்தைப் பார்க்காமல் போவதில்லை. அதன் அடிமரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 19 மீட்டர். உயரமோ எட்டு மீட்டர்கூட இல்லை. யானை படுத்திருப்பது போன்ற உடல், மேலே கொஞ்சம் கிளைகள். கோடையில் இலையெல்லாம் உதிர்ந்து, வேரைப் பிடுங்கித் தலைகீழாக நட்டு வைத்ததுபோல் தெரியும். அந்த மரம் பூக்கிறது என்று சொன்னால் வந்தவர்கள் நம்பமாட்டார்கள். ஐந்து வெள்ளை இதழ்கள் கொண்ட பெரிய பூ நீண்ட காம்பில் தலைகீழாகத் தொங்கும். அந்தி மயங்கும் நேரத்தில் விரிந்து, இரவில் வௌவால்களுக்குத் தேன் கொடுத்து, மறுநாளே வாடி விழுந்துவிடும். ஒரே இரவுதான் அதன் ஆயுள். மரத்தின் ஆயுளோ பல நூறு ஆண்டுகள்.

இந்த மரத்தின் சொந்த நாடு ஆபிரிக்கா. அரபு வணிகர்கள் மரக்கலங்களில் கொண்டுவந்து இங்கே நட்டார்கள் என்பது நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் வரலாறு. ஆங்கிலேயர் காலத்தில் இலங்கையைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய எமர்சன் டெனன்ட்டும் 1859இல் இதே கருத்தை எழுதிவைத்தார். தமிழ்நாட்டில் இதை ஆனைப்புளி என்றும் பப்பரப்புளி என்றும் சொல்வார்கள். கடல் கடந்து வந்த மரம், இன்று மன்னாரின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

இந்த மரத்தை அதன் சொந்த மண்ணில் பார்த்து வியந்து பதிவு செய்த ஒருவர், அதற்கு எட்டு வருடங்களுக்கு முன் நம் புத்தளக் கரையிலும் வந்து இறங்கியிருக்கிறார். அவர்தான் இப்னு பதூதா. உலகப் பயணி என்று பாடப் புத்தகத்தில் ஒரு வரியில் படித்துவிட்டு நாம் கடந்துபோகும் மனிதர். உயர்தர வகுப்பில் இஸ்லாமிய நாகரிகம் படிக்கத் தொடங்கிய பிறகுதான் அவருடைய பயண நூலைத் தேடி வாசித்தேன். வாசித்ததில் என் மனதில் நின்றவற்றை இங்கே எழுதுகிறேன்.

புறப்பாடு

இப்னு பதூதா 1304ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் மொரோக்கோவின் தஞ்சியர் நகரத்தில் பிறந்தார். காழிகளும் சட்ட அறிஞர்களும் வந்த குடும்பம். 1325ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஹிஜ்ரி 725 றஜப் மாதத்தில், ஹஜ்ஜுக்கென்று வீட்டை விட்டுப் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. கூடப் போக ஒரு தோழரும் இல்லை. தாயும் தந்தையும் உயிரோடு இருந்தார்கள். அவர்களைப் பிரிந்தது தனக்கும் அவர்களுக்கும் பெரிய வேதனையாக இருந்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

வீரதீரமாகத் தொடங்கிய பயணம் அல்ல அது. வழியிலேயே காய்ச்சல் பிடித்தது. தூனிஸ் நகரத்துக்குள் நுழைந்தபோது ஊரார் வந்து அவருடன் வந்த பயணிகளை ஒவ்வொருவராகக் கட்டித் தழுவி வரவேற்றார்கள். இவருக்கு ஸலாம் சொல்ல ஒருவரும் இல்லை. அந்த இடத்திலேயே அழுதுவிட்டார். அதைக் கவனித்த ஒரு ஹாஜி அருகில் வந்து அன்பாகப் பேசி, நகரத்துக்குள் போகும்வரை துணையாக வந்தார். பின்னாளில் பல நாட்டு மன்னர்களின் விருந்தாளியாக இருந்த இந்த மனிதர், அந்த ஒரு ஸலாமை முப்பது வருடங்களுக்குப் பிறகும் மறக்கவில்லை.

1326இல் திமிஷ்கு நகரத்தில் தங்கியபோது அங்கிருந்த அறிஞர்களிடம் ஹதீஸ் கற்று இஜாஸா பெற்றார். அந்த ஆசிரியர்களின் பெயர்ப் பட்டியலை அவர் கொடுத்திருக்கிறார். அதில் இரண்டு பெண்கள் இருக்கிறார்கள். ஒருவர் ஸைனப் பின்த் அஹ்மத், மற்றவர் ஆயிஷா பின்த் முஹம்மத். ஏழு நூற்றாண்டுகளுக்கு முன் பெண்கள் ஆண்களுக்கு ஹதீஸ் சான்றிதழ் வழங்கினார்கள் என்பதற்கு இந்தப் பட்டியலும் ஒரு சாட்சி. மகளிர் கல்லூரியில் படிக்கும் நாம் இந்த இரண்டு பெயர்களையும் மனனமாக வைத்திருக்க வேண்டும்.

மக்காவுக்குப் போனவர் ஹஜ்ஜை முடித்துவிட்டு ஊர் திரும்பவில்லை. ஈராக், பாரசீகம், யெமன், ஆபிரிக்காவின் கீழைக் கரை, துருக்கி, மத்திய ஆசியா என்று சுற்றி, 1333இல் சிந்து நதியை அடைந்தார். டில்லியில் முஹம்மத் பின் துக்ளக் அவரைக் காழியாக நியமித்தார். எட்டு வருடங்கள் போல் அங்கே இருந்தார். பின்பு சுல்தானின் தூதராகச் சீனாவுக்குப் புறப்பட்டபோது, கள்ளிக்கோட்டைக் கரையில் புயலில் கப்பல் உடைந்து பரிசுப் பொருட்கள் எல்லாம் கடலில் போயின. ஜும்ஆத் தொழுகைக்காகக் கரையில் தங்கியிருந்ததால் அவர் தப்பினார். வெறுங்கையோடு டில்லிக்குத் திரும்பிப் போக அஞ்சி, மேற்குக் கரையிலேயே அலைந்தார்.

அந்தக் கரையில் ஹினாவர் என்றொரு ஊர். இன்று கர்நாடக மாநிலத்தில் ஹொன்னாவர் என்று வழங்குகிறது. அங்கே பெண்கள் குர்ஆனை மனனம் செய்திருந்ததைக் கண்டு வியந்திருக்கிறார். ஆண் பிள்ளைகளுக்கு 23 பாடசாலைகளும் பெண் பிள்ளைகளுக்கு 13 பாடசாலைகளும் அந்த ஊரில் இருந்ததாக எண்ணிச் சொல்லியிருக்கிறார். வேறெங்கும் இப்படிக் கண்டதில்லை என்பதும் அவருடைய குறிப்பு. அங்கிருந்து மாலைதீவு. அப்போது அங்கே ஆட்சி செய்தவர் கதீஜா என்ற அரசி. அந்தத் தீவுகளிலும் காழியாகப் பதவி வகித்து, பின்பு அமைச்சருடன் பிணங்கி, 1344 ஓகஸ்ட் மாதத்தில் கப்பல் ஏறினார்.

நம் கரையில்

அவர் போக நினைத்தது தமிழகத்தின் மாபர் கரைக்கு. காற்று கப்பலை இலங்கைப் பக்கம் தள்ளியது. கடலில் இருந்தே பாவாத மலை ஒரு புகைத்தூண் போலத் தெரிந்ததாம். இறங்கிய இடம் பத்தாலா. அது நம் புத்தளம் என்பது ஆய்வாளர் முடிவு. மரத்தால் ஆன மதிலும் மரக் கோபுரங்களும் கொண்ட சிறிய ஊராக அதை அவர் வருணிக்கிறார். ஆறுகள் அடித்துக்கொண்டு வந்த கறுவாக் கட்டைகள் கரையெங்கும் விறகுபோல் குவிந்து கிடந்ததாகவும் சொல்கிறார்.

அந்தக் கரை அப்போது யாழ்ப்பாண மன்னர் ஆரியச் சக்கரவர்த்தியின் கையில் இருந்தது. மாலுமிகளோ அந்த மன்னரின் பெயரைக் கேட்டுக் கரை இறங்கவே பயந்தார்கள். ஆனால் நடந்தது வேறு. அந்த மன்னருக்குப் பாரசீக மொழி தெரிந்திருந்தது. மொரோக்கோவில் பிறந்த முஸ்லிமும் தமிழ் நாட்டரசரும் பாரசீகத்தில் உரையாடினார்கள். அப்போது மன்னரின் முன்னால் முத்துக்கள் குவிக்கப்பட்டு, ஆட்கள் அவற்றைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். முத்துக் குளிப்பு நடந்த கடல் நம் மன்னார்க் குடாதான். மன்னர் மூன்று நாள் விருந்தளித்து, முத்துக்களும் பரிசாகக் கொடுத்தார். வேறு என்ன வேண்டும் என்று கேட்டபோது, ஆதம் (அலை) அவர்களின் பாதம் பதிந்த மலையைக் காண்பதைத் தவிர வேறு ஆசை இல்லை என்றார் இப்னு பதூதா. மன்னர் உடனே ஒரு பல்லக்கும், வழி தெரிந்த நான்கு யோகிகளும், மூன்று பிராமணர்களும், தன் ஆட்கள் பத்துப் பேரும், உணவு சுமக்கப் பதினைந்து பேரும் கொடுத்து அனுப்பினார். ஒரு முஸ்லிம் யாத்திரீகருக்குத் துணையாக இந்து யோகிகளும் பிராமணர்களும் மலையேறிய காலம் இந்த நாட்டில் இருந்திருக்கிறது.

அந்த மலைவழியில் பார்த்த மரங்களைப் பற்றி அவர் சொல்லியிருப்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இலை உதிராத மரங்களும் பல நிறப் பூக்களும் அங்கே இருந்தன. உள்ளங்கை அளவான ஒரு செம்மலரும் இருந்தது. மலையில் இன்றும் பூக்கும் ஈரலிப்புக் காட்டு மரமான ரொடொடெண்ட்ரனாக அது இருக்கலாம் என்று கருதுகிறார்கள். அந்தப் பூவின் இதழில் அல்லாஹ்வின் பெயரும் றஸூலுல்லாஹ்வின் பெயரும் எழுதியிருப்பதாக அங்கே ஆட்கள் சொன்னார்கள். அவர் அதை அவர்களுடைய பேச்சாகவே பதிந்துவிட்டு மேலே போகிறார். இன்னொரு மரத்தைப் பற்றியும் சொல்கிறார். அதன் இலை உதிர்வதே இல்லையாம். தப்பித் தவறி விழும் இலையைத் தின்றால் கிழவனும் இளைஞனாகிவிடுவானாம். அந்த இலை விழும் என்று மரத்தடியில் காத்துக் கிடந்த யோகிகளைத் தன் கண்ணால் பார்த்திருக்கிறார். ஆனால் அந்தக் கதை பொய் என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறார்.

மரங்களுக்கு மனிதன் எப்போதும் ஒரு பொருள் கொடுத்துக்கொண்டே இருக்கிறான். ஒருவன் பூவில் இறைவனின் பெயரைத் தேடுகிறான். இன்னொருவன் இலையில் இளமையைத் தேடுகிறான். கேட்டதைக் கேட்டதாகவும் கண்டதைக் கண்டதாகவும் பிரித்துச் சொன்ன அந்த நேர்மைக்காகவே அவர்மேல் எனக்கு மதிப்பு உண்டானது.

மலையில் இருந்து இறங்கித் தெவிநுவர, காலி, கொழும்பு வழியாக மீண்டும் புத்தளம் வந்தார். கொழும்பில் ஐந்நூறு போல் அபிசீனிய வீரர்களோடு ஒரு தலைவர் இருந்ததைக் கண்டார். ஆபிரிக்க மரம் மட்டுமல்ல, ஆபிரிக்க மனிதர்களும் அந்தக் காலத்தில் நம் கரையில் இருந்திருக்கிறார்கள். பள்ளிமுனை மரத்துக்கு எழுநூறு வயது என்று ஊரில் சொல்லும் கணக்குச் சரியென்றால், அவர் புத்தளத்தில் நின்றபோது அது இங்கே இளமரமாக நின்றிருக்கும். ஆனால் அவர் மன்னாருக்கு வந்ததாக நூலில் இல்லை.

இழப்பும் ஓர் உடுப்பும்

புத்தளத்தில் இருந்து மாபர் நோக்கிப் போன கப்பல் இந்தியக் கரையை நெருங்கும்போது தரை தட்டியது. பாய்மரத்தை வெட்டினார்கள். கட்டுமரம் போல் ஒன்றைக் கட்டித் தன்னோடு வந்தவர்களை அனுப்பிவிட்டு, இவர் இரவு முழுவதும் உடைந்த கப்பலிலேயே இருந்தார். விடிந்ததும் கரையில் இருந்த மக்கள் படகில் வந்து மீட்டார்கள். அவர்கள் முஸ்லிம்கள் அல்லர். மதுரை சுல்தானிடம் கொஞ்சக் காலம் இருந்துவிட்டு மீண்டும் மேற்குக் கரைக்குப் போனபோது இன்னும் பெரிய இழப்பு வந்தது. ஹினாவருக்குத் தெற்கே பன்னிரண்டு கப்பல்களில் வந்த கடற்கொள்ளையர் எல்லாவற்றையும் பறித்துக்கொண்டார்கள். இலங்கை மன்னர் கொடுத்த மணிகளும் போயின. உடுத்த உடுப்பும் போயிற்று. புகாராவில் பழைய அறிஞர்களின் மண்ணறைகளில் இருந்து எழுதியெடுத்த குறிப்புகளும் இந்தியக் கடல் கொள்ளையில்தான் பறிபோயின. காற்சட்டை ஒன்றோடு கள்ளிக்கோட்டையில் கரையேறி ஒரு பள்ளிவாசலுக்குள் போய் இருந்தார். ஓர் ஆலிம் ஒரு துணியை அனுப்பினார். காழி ஒரு தலைப்பாகையை அனுப்பினார். ஒரு வியாபாரி இன்னோர் உடுப்பை அனுப்பினார்.

இந்தப் பகுதியை வாசித்தபோது எங்கள் உம்மும்மா சொன்னவை நினைவுக்கு வந்தன. 1990 ஒக்டோபர் மாதக் கடைசியில் மன்னார்த் தீவில் இருந்து எங்கள் மக்கள் வெளியேற்றப்பட்டபோது, உம்மும்மா கைக்குழந்தையோடு வள்ளத்தில் கற்பிட்டிக்குப் போனவர். வடக்கில் இருந்து அப்படி வெளியேறியவர்கள் சுமார் 75,000 பேர். கொண்டுபோக விட்டது கொஞ்சம். வீட்டுத் திறப்பை மட்டும் இடுப்பில் முடிந்துகொண்டு போனதாகச் சொல்வார். கற்பிட்டியில் இறங்கிய அன்று முன்பின் தெரியாத ஒரு வீட்டுப் பெண் சோறும் மாற்று உடுப்பும் கொடுத்தாராம். அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டு வைக்கவில்லையே என்று உம்மும்மாவுக்கு இன்றைக்கும் கவலை. எங்கள் குடும்பம் போர் முடிந்த பிறகுதான் திரும்பி வந்தது. வீடு இடிந்து காடாகக் கிடந்தது. உம்மும்மா முதலில் கேட்டது பெருக்கமரம் நிற்கிறதா என்பதைத்தான். அது நின்றது.

ஆபிரிக்காவில் பெருக்கமரம்

இப்னு பதூதா சீனாவரை போய்த் திரும்பினார் என்று அவருடைய நூல் சொல்கிறது. 1348இல் திமிஷ்குக்கு வந்தபோது, தந்தை மௌத்தாகிப் பதினைந்து வருடங்கள் ஆகிவிட்டன என்ற செய்தி காத்திருந்தது. கறுப்பு மரணம் என்று சொல்லப்பட்ட கொள்ளைநோய் அப்போது நாடு நாடாகப் பரவிக்கொண்டிருந்தது. 1349இல் சொந்த நாட்டை அடைந்தபோது, தாயும் அந்த நோயில் மௌத்தாகிவிட்டதை அறிந்தார். இருபத்துநான்கு வருடங்களுக்குப் பிறகு தஞ்சியருக்கு வந்த மகன் தாயின் கப்றைத்தான் பார்க்க முடிந்தது.

அதன் பிறகும் அவர் ஓயவில்லை. 1352இல் சஹாராப் பாலைவனத்தைக் கடந்து மாலி நாட்டுக்குப் போனார். வலாத்தா என்ற ஊரில் இருந்து தலைநகருக்குப் போகும் பாதை நெடுகப் பெரிய பெரிய பழைய மரங்களைக் கண்டார். ஒரே மரத்தின் நிழலில் ஒரு வணிகக் கூட்டமே தங்கலாம். சில மரங்களில் கிளையும் இலையும் இல்லை. அடிமரத்தின் நிழலே ஒரு மனிதனுக்குப் போதுமாக இருந்தது. சில மரங்களின் உட்புறம் குடைந்து, மழைநீர் தேங்கிக் கிணறுபோல் இருந்தது. வழிப்போக்கர்கள் அதைக் குடித்தார்கள். சிலவற்றில் தேனீக்கள் கூடு கட்டியிருந்தன. ஒரு மரத்தின் பொந்துக்குள் ஒரு நெசவாளர் தறியைப் போட்டு நெய்துகொண்டிருந்தார். அதைக் கண்டு இப்னு பதூதா ஆச்சரியப்பட்டுப் போனார்.

மரத்தின் பெயரை அவர் சொல்லவில்லை. ஆனால் மன்னாரில் வளர்ந்த எவருக்கும் அது எந்த மரம் என்று புரிந்துவிடும். ஆய்வாளர்களும் பெருக்கமரம் என்றே கொள்கிறார்கள். ஆபிரிக்க ஊர்களில் அதன் இலை கறியாகிறது. புளிப்பான பழம் பானமாகிறது. பட்டையின் நாரில் கயிறு திரிக்கிறார்கள். அதன் நிழலில் ஊர்க்கூட்டம் கூடுகிறது. அங்கே அது ஊரின் உறவு. இங்கே நமக்கு அது வந்த வழியின் சாட்சி.

சொன்னவரும் எழுதியவரும்

மாலியில் இருந்து திரும்பியவரை மொரோக்கோ சுல்தான் அபூ இனான், கண்டதையெல்லாம் சொல்லும்படி பணித்தார். கேட்டு எழுத இப்னு ஜுஸைய் என்ற இளம் இலக்கியவாதியை நியமித்தார். குறிப்புகள் கொள்ளை போயிருந்ததால் பெரும்பகுதியை நினைவில் இருந்தே சொல்ல வேண்டியிருந்தது. 1355 டிசம்பரில் சொல்லி முடித்தார். அந்த நூல் றிஹ்லா என்று அறியப்படுகிறது. அதன் பிறகு ஓர் ஊரில் காழியாக அமைதியாக வாழ்ந்து 1368 அல்லது 1369இல் மௌத்தானார். நூல் நீண்ட காலம் வெளியுலகுக்கு அதிகம் தெரியாமல் இருந்து, 1853 முதல் 1858 வரை பாரிஸில் அச்சாகி உலகம் முழுவதும் போனது.

அவரிடம் குறைகளும் உண்டு. போன ஊர்களில் மணம் முடித்தார், விட்டுவிட்டுப் போனார். மாலைதீவில் பிறந்த மகனை இரண்டு வயதில் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுத் தாயிடமே விட்டுச் சென்றார். அந்த மனைவியரில் பலருடைய பெயர்கூட நூலில் இல்லை. அவர்கள் என்ன நினைத்தார்கள், பிள்ளைகளை எப்படி வளர்த்தார்கள் என்று எழுத அவர்களுக்கு ஓர் இப்னு ஜுஸைய் கிடைக்கவில்லை. ஸைனபும் ஆயிஷாவும் ஹினாவரின் 13 பாடசாலைகளும் எழுதப்பட்டதால் நமக்குத் தெரிகின்றன. எழுதப்படாத பெண்கள் மறைந்துபோனார்கள்.

சகோதரிகளே, வெளியேற்றத்தின்போது இருபது வயதாக இருந்தவர்களுக்கு இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டது. அப்போது ஐம்பதாக இருந்தவர்களில் பலர் புத்தளத்து மண்ணிலேயே அடக்கமாகிவிட்டார்கள். பழைய மன்னாரின் தெருக்களும், எந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர் என்பதும், பெருக்கமரத்தடியில் என்ன விளையாடினார்கள் என்பதும், அகதியாகப் போன இடத்தில் யார் சோறு போட்டார்கள் என்பதும் அவர்களோடு போகின்றன. நான் ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்து உம்மும்மா சொல்வதை எழுதத் தொடங்கியிருக்கிறேன். கண்டதையும் கேட்டதையும் தனித்தனியாகக் குறித்துக்கொள்கிறேன். இதுவரை பதினேழு பக்கங்கள் ஆகியிருக்கின்றன.

இதை வாசிக்கும் பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் கேட்கும்போது அந்தக் கவலையெல்லாம் இப்போது எதற்கு என்று எழுந்து போய்விடாதீர்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்து சொல்லுங்கள். நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.